இடது பக்கம் விழுந்த ஏழு கோல்கள்

எங்கள் அணியின் கோல்கீப்பரை மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். மற்றவர்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன் என்று மாற்றிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஷாதிபூர் டீக்கடையில் என்னோடு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் நல்ல ஞாபகசக்தி உள்ளவர்கள்.

போர்ட் பிளேரில் கிரிக்கெட்டுக்குக் கூட்டம் சேரும், கால்பந்துக்கு அதைவிட அதிகமாகச் சேரும். ஹாக்கிக்கு நாங்கள் நாலு பேர். லம்பா லைனில் வீடு கட்டிக்கொண்டு இருக்கும் ராமநாதபுரத்து கான்ட்ராக்டர் ஒருவர். கப்பலில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தெலுங்கர் ஒருவர். அந்த டீக்கடையை நடத்தும் பெங்காலியை எல்லோரும் தாதா என்போம், அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம். நாலாவது நான், அரசு அலுவலகத்தில் எழுத்தர். நாங்கள் கட்டிக்கொண்டு அழுதது என் துறையின் அணியை. மற்ற மூவருக்கும் என் துறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அணி பயிற்சி எடுக்கும் மைதானம் டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

தீவு லீக்கில் முதல் நாலு இடம் பிடிக்கும் அணிகள் செமிக்குப் போகும். போன சீசனில் எங்கள் அணி ஐந்தாவது. கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் போச்சு. சீசன் தொடங்கும்போது, செமி பக்கா, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் மார்தட்டியிருந்தேன். அதற்கப்புறம் கான்ட்ராக்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார். கடைக்குள் நுழையும்போதே, "வாங்க ஜோசியரே, இன்னைக்கு மழை வருமா, கப்பல் வருமா?" என்பார். சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

மே மாதம் தொடங்கினால் எங்கள் ஊரில் மழை லேசில் விடாது. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். ஆட்டம் கிடையாது, பேச்சு மட்டும்தான். அடுத்த சீசனுக்கு அணியில் யார் போகிறார், யார் வருகிறார், செமிக்கு வாய்ப்பு எவ்வளவு என்று தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசுவோம். அந்த வருடம் பேசுவதற்கு நிறையவே இருந்தது. கோச் மாறிவிட்டார். நடுவில் ஆடிய நல்ல ஆட்டக்காரர் மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் புதிதாக மூன்று பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். அதில் பெரார்கஞ்சிலிருந்து வந்தவர் கோல்கீப்பர். இருபத்திரண்டு வயது, பூனை மாதிரி பாய்கிறார் என்று கேள்வி.

"என்ன ஜோசியரே, இந்த வருசமும் செமிதானா?" என்று கான்ட்ராக்டர் ஆரம்பித்தார்.

"முன்னாடி எல்லாம் சரியாயிருச்சுண்ணே. பின்னாடி ஓட்டை இருக்கே, அதை எவன் அடைக்கிறது?"

"எந்த ஓட்டை?"

"கோல்ல நிக்கிறாரே, அவர்தான்."

"யோவ், வாய் கூசாமப் பேசுறியே! எட்டு வருசமா நிக்கிறாம்யா. போன சீசன்ல பெனால்டி ஸ்ட்ரோக்கக் காலால தட்டிவிட்டானே, அப்ப மேல எந்திரிச்சு குதிச்சவன் யாரு? நீதானே?"

நான் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் அடித்தது, எந்தப் பக்கம் விழுந்தது என்று குறித்து வைப்பது என் பழக்கம். "பதினோரு கோல் வாங்கிருக்காரு. அதுல ஏழு இடது பக்கம். இந்தாங்க, நீங்களே பாருங்க. இடது கால் நகரவே மாட்டேங்குது. பழைய ஆளு நின்னா செமிக்கு வாய்ப்பு நூத்துக்கு முப்பது. பெரார்கஞ்ச் ஆளு நின்னா எழுபது."

அந்த எழுபது எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால் இன்றுவரை எனக்கே தெரியாது. ஆனால் எண்ணைச் சொன்னதும் கப்பல்காரர் புருவத்தை உயர்த்தி, "சத்தர்! பாத் மே தம் ஹை," என்றார். எழுபதா, பேச்சில் சரக்கு இருக்கிறது என்று ஒருவர் ஒத்துக்கொண்டார். கான்ட்ராக்டர் நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். மூடி என் பக்கம் தள்ளினார். ஒரு வருடக் கேலிக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இந்த இடத்தில் அந்தப் பழைய கோல்கீப்பரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவருடைய பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேறியவர்கள். அவர் எங்கள் துறையில் ஃபிட்டர். மனைவி, ஒரே பெண் குழந்தை. அப்போது அதற்கு நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது. சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் ஒரு மிஷின் வைத்தார்கள். மிஷின் வைத்துவிட்டால் மட்டும் போதாதாம். சத்தம் என்றால் என்ன, பேச்சு என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டுமாம். அதற்குச் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். இந்தத் தீவுகளில் வேறெங்கும் அதற்கு ஆள் கிடையாது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வாரம் இரண்டு முறை அவர் எழுதும் பெர்மிஷன் சீட்டு என் மேஜைக்குத்தான் வரும்.

அந்தக் குழந்தை முதன்முதலில் சத்தம் கேட்டுத் திரும்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மனைவியும் குழந்தையும் கோலுக்குப் பின்னால் நின்றார்கள். யாரோ அடித்த பந்து இவரைத் தாண்டிப் போய், கோலுக்குள் இருக்கும் மரப்பலகையில் டொக்கென்று மோதியது. குழந்தை சட்டென்று பலகையைப் பார்த்தது. இவர் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு, காலில் கட்டிய பேடோடு ஓடிவந்தார். "அண்ணே, திரும்புனா! பாத்தீங்களா, திரும்புனா! இன்னொண்ணு அடிங்கடா, நல்லா ஓங்கி அடிங்க!" கோல் வாங்கியதற்கு ஒரு கோல்கீப்பர் அப்படிக் குதித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். எங்கள் துறையில் எல்லோரும் முறைவைத்து இரண்டு வருடம் வெளித்தீவுக்குப் போயாக வேண்டும். ஹாக்கி அணியில் இருப்பவர்களை மட்டும், பயிற்சிக்கு ஆள் வேண்டுமே என்று, போர்ட் பிளேரிலேயே விட்டுவைப்பார்கள். இது எந்த விதியிலும் எழுதப்படாத வழக்கம். மழைக்கால முடிவில் புதிய அணிப் பட்டியல் என்னிடம் வரும். அதில் பெயர் விடுபட்ட பழைய ஆட்டக்காரர்களை மாற்றல் பட்டியலில் நான்தான் சேர்க்க வேண்டும். எட்டு வருடமாக எங்கேயும் போகாதவர் பெயர் முதலில் வரும். அவர் அணியில் இருந்தால் குழந்தைக்கு ஆஸ்பத்திரி உண்டு, இல்லையென்றால் இல்லை. டீக்கடையில் இருந்த நாலு பேரில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கான்ட்ராக்டர் நோட்டை என் பக்கம் தள்ளிய அந்த நேரத்தில், தாதா கண்ணாடி டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே கேட்டார். "அவுர் உஸ்கா க்யா ஹோகா?" அவன் கதி என்ன ஆகும் என்று.

கேட்டவர் ஹாக்கி நுணுக்கம் தெரியாதவர். எங்களுக்காகக் காது கொடுப்பவர். ஆனால் கேட்க வேண்டியதை அவர் ஒருவர்தான் கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அலுவலகத்து ஆள் நான்தானே. உண்மையைச் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அட விடுய்யா, இன்னொரு வருசம் நிக்கட்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருப்பார். நானும் தோற்றிருப்பேன்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் தாதா?" என்று இந்தியில் சொன்னேன். "டீம்ல இல்லாட்டி ஆபீஸ்ல இருக்கப்போறாரு. இன்னும் நல்லதுதான், சாயங்காலம் சீக்கிரமா வீட்டுக்குப் போகலாம்."

கூசாமல் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த வாரம் ரசிகர்கள் சார்பில் அணி மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று கப்பல்காரர் யோசனை சொன்னார். எழுதுவது யார்? எங்கள் அலுவலகத்தில் இங்கிலீஷ் டிராஃப்ட் என்றால் என்னைத்தான் தேடுவார்கள். கையெழுத்தும் அச்சடித்த மாதிரி குண்டுகுண்டாக இருக்கும். ஏழு கோல்களையும் வரிசையாக எழுதி, எதிர்கால நலன் கருதி என்று முடித்து, முதல் கையெழுத்தை நானே போட்டேன். கான்ட்ராக்டர் கடைசியாகப் போட்டார். "என்னமோ போ, மனசு ஒப்பல. கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார்.

டீக்கடைக்காரர்கள் எழுதிய கடிதத்தை எவன் மதிக்கப்போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மேனேஜர் அப்போதுதான் மெயின்லேண்டிலிருந்து வந்த புது அதிகாரி. அவருக்கு ஆட்டக்காரர் யாரையும் தெரியாது. யாரை வைப்பது, யாரை எடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்தவருக்குக் கோல் கணக்கோடு ஒரு காகிதம் கிடைத்தால் விடுவாரா? பட்டியல் வந்தது. பதினெட்டுப் பெயர்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். அவர் பெயர் இல்லை.

இரண்டு நாள் அந்தக் காகிதத்தை வேறு ஃபைலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் மேலதிகாரி கேட்டார். எடுத்து வைத்து மாற்றல் பட்டியலை அடித்தேன். அவர் பெயர், ஃபிட்டர், காம்பல் பே. கப்பலில் இரண்டு மூன்று நாள் ஆகும் தெற்குக் கோடி. இதற்கு முன்னால் எத்தனையோ பெயர்களை அப்படி அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

உத்தரவு கைக்குப் போன அன்றே அவர் என்னிடம் வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

"அண்ணே, நீங்கதான் நல்லா எழுதுவீங்க. ஒரு ரெப்ரசன்டேஷன் எழுதிக் குடுங்கண்ணே. ஒரே ஒரு வருசம் நிறுத்தி வச்சாப் போதும். பாப்பாவுக்கு இப்பத்தான் 'அப்பா' வந்துருக்கு, 'அம்மா' வந்துருக்கு. இன்னும் ஒரு வருசத்துல வாக்கியமாப் பேசிருவான்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. விட்டுட்டா வந்ததும் போயிருமாம்."

"வீட்டுல அவங்களை இங்க விட்டுட்டு நீங்க மட்டும் போனா என்ன தம்பி?"

"இங்க எங்களுக்கு யாரு இருக்காண்ணே? ரெண்டு குடித்தனம் வைக்கிற சம்பளமா என்னுது?"

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. ஆஸ்பத்திரிச் சான்றிதழ், சென்னை டாக்டர் கடிதம் எல்லாம் இணைத்தேன். எழுதும்போதே ஒரு எண்ணம் வந்தது. மேனேஜர் பட்டியலோடு சேர்த்து அனுப்பிய அந்த ரசிகர் கடிதம் ஃபைலில் இருக்கிறது, உருவி எடுத்துவிடலாமே என்று. கை போனது. பக்க எண் போட்டிருந்தது. எடுத்தால் என் வேலை போகும். கையை இழுத்துக்கொண்டேன்.

மேலதிகாரி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். விண்ணப்பத்தை முழுவதும் படித்தார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா டீம்ல இல்லாத ஆளை எதைச் சொல்லி இங்க வைக்க முடியும்? உங்க சப்போர்ட்டர்ஸே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்களே," என்று ஃபைலைப் புரட்டி அந்தக் கடிதத்தை எடுத்து விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு காகிதமும் மேஜைமேல் அருகருகே கிடந்தன. கோல்கீப்பருக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் படிக்க வராது. படிக்கத் தேவையும் இல்லை. இரண்டிலும் அதே குண்டு எழுத்து. அவர் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று நின்றேன்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டார். "ரெண்டும் நீங்க எழுதுனதாண்ணே?"

"ம்."

"பாப்பா விஷயம் உங்களுக்குத் தெரியும்லண்ணே?"

"தெரியும்."

"ஆமா, பெர்மிஷன் சீட்டெல்லாம் நீங்கதானே வாங்குவீங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். மழைக்கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் குடும்பத்தோடு கப்பல் ஏறிய அன்று நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று லீவு சொன்னேன். கான்ட்ராக்டர் போயிருக்கிறார். ஏன் இந்தத் திடீர் மாற்றல் என்று அவர் விசாரிக்க, அணியில் பெயர் இல்லையென்றால் இப்படித்தான் என்று மட்டும் கோல்கீப்பர் சொன்னாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கடையில் நான் டம்ளரை வாயில் வைக்கப் போகும்போது கான்ட்ராக்டர் வந்து எதிரில் நின்றார்.

"இந்த வழக்கம் உனக்குத் தெரியுமாய்யா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியம் இல்லை. தலையைக் குனிந்தேன்.

"பச்சப்புள்ளய்யா அது. எங் கையிலயும் கையெழுத்து வாங்கிட்டியேய்யா, பாவி!" குரல் உடைந்துவிட்டது. "தாதா கேட்டாரே, வாயத் தொறந்து கேட்டாரே!"

தாதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கான்ட்ராக்டர் என்னை ஜோசியரே என்று கூப்பிடுவதில்லை. யோவ் என்பதில்லை. சார் என்கிறார். "வாங்க சார். உக்காருங்க சார்." ஒவ்வொரு சாருக்கும் எனக்கு முள் குத்தும்.

ஜனவரியில் சீசன் தொடங்கியது. என்ன சொல்ல, நான் சொன்னது அப்படியே நடந்தது. பெரார்கஞ்ச் கோல்கீப்பர் நிஜமாகவே பூனைதான். இடது பக்கம் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. மூன்றாவது இடத்தில் செமிக்குள் நுழைந்தோம். கப்பல்காரர் மைதானத்திலேயே என்னைக் கட்டிப்பிடித்து, "சத்தர் போலா தா! தும்னே போலா தா!" என்று கூவினார். நான் சொன்ன எழுபதை ஊருக்கே அறிவித்தார். யாரோ என் வாயில் ஒரு ரசகுல்லாவைத் திணித்தார்கள். மைதானத்தின் அந்தப் பக்கத்தில் கான்ட்ராக்டர் தனியாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.  கூட்டத்தை விட்டு விலகிப்போய் ரசகுல்லாவைத் துப்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போன் அடித்தது. திரையில் பழைய கோல்கீப்பர் பெயர். எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றுபோய் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அண்ணே, செமி வந்துட்டோமாமே!"

வந்துட்டோம் என்கிறார். போர்ட் பிளேரை விட்டுப் போன மனிதர் இன்னும் அந்த அணியை விட்டுப் போகவில்லை.

"ஆமா தம்பி. வந்துட்டோம்."

"இடது பக்கம் ஒண்ணுகூட விடலையாமே அந்தத் தம்பி. நீங்க எழுதுனது சரிதாண்ணே. எனக்கு அந்த முட்டி போன வருசமே போயிருச்சு. வலி மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் நின்னேன். வெளிய சொன்னா லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துருவாங்க, பாப்பா ஆஸ்பத்திரி நின்னு போயிரும்னு யாருக்கும் சொல்லல."

 கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த ஏழு கோலையும் அவர் எப்படி வாங்கினார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்காண்ணே. இங்க சொல்லிக்குடுக்க ஆளில்லல்ல, அதான். வீட்டுக்குப் பின்னாடி ஒரு பலகை நட்டு வச்சு நானே பந்தடிச்சுக் காட்டுறேன். சத்தத்துக்குத் திரும்புறா. பேச்சுதான் நின்னு போச்சு. இருங்க, குடுக்குறேன்."

போன் கை மாறியது. மூச்சு கேட்டது. சின்ன மூச்சு, காதுக்கு மிக அருகில். பின்னால் அவர் குரல், "மாமா சொல்லு பாப்பா. மா... மா... முன்னாடி சொன்னியேம்மா, 'ம' வந்துச்சே," என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்த மாதிரி உதட்டை அழுத்தி அழுத்திச் சொல்கிறார். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மறுபடி அவரே போனை வாங்கினார். "கூச்சப்படுறாண்ணே," என்றார். எனக்காகச் சொன்னார்.

மன்னிச்சிரு தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "சரிண்ணே, செமில நமக்கு எவ்வளவு சான்ஸு? உங்க கணக்கு என்ன சொல்லுது?" என்று ஆசையாகக் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நோட்டு தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"அண்ணே," என்றார் அவர். "அண்ணே, நான் பேசுறது கேக்குதா?"